காதுக்காரர்

திங்கட்கிழமை காலை

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுகிறேன். இங்கே நானும் அம்மாவும் சுகம். அம்மாவின் இடது முழங்கால் மட்டும் எங்கள் இருவரோடும் பேச்சுவார்த்தை இல்லாமல் முறைத்துக்கொண்டிருக்கிறது. நீயும் மாப்பிள்ளையும் குட்டியும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

போன் இருக்கும்போது எதற்குக் கடிதம் என்று நினைப்பாய். போனில் நான் வாயைத் திறந்தாலே, "அப்பா, கத்தாதீங்க, ஸ்பீக்கர் போடாமலே வீடு முழுக்கக் கேட்குது" என்பாய். வாழ்நாள் பூராவும் மைதானத்தில் பிள்ளைகளை ஓடவிட்ட பி.டி. வாத்தியாரின் குரல் அப்படித்தான் இருக்கும். நான் ஓய்வு பெற்றேனே தவிர அது பெறவில்லை. அது போகட்டும். இது நீயும் மாப்பிள்ளையும் நிதானமாக உட்கார்ந்து, ஒருவர் பேச்சை ஒருவர் மறிக்காமல் படிக்க வேண்டிய விஷயம். அதனால்தான் தபாலில் போடுகிறேன்.

நீ கேட்டது இதுதான்: "மாமாகூட ஒருநாள் முழுக்க இருந்து பாருங்கப்பா. மறதி எந்த அளவுக்கு இருக்குன்னு உங்க கண்ணால பார்த்துச் சொல்லுங்க. அந்த முதியோர் இல்லத்துல ரூம் காலியா இருக்கு, மாசக் கடைசிக்குள்ள முடிவு சொல்லணும்." அடுப்பில் தீய்ந்த குக்கர், நிரம்பி வழிந்த தண்ணீர்த் தொட்டி, எத்தனை முறை பெல் அடித்தும் திறக்காத கதவு, வெள்ளிக்கிழமை டாக்டர் என்று போனில் சொல்லியும் போகாமல் விட்டது என்று நீ அடுக்கியதையெல்லாம் மனதில் வாங்கிக்கொண்டுதான் கிளம்பினேன்.

சந்தர்ப்பமும் தானாகவே அமைந்தது. சம்பந்தி வருடாவருடம் போகும் அந்தப் பெரிய நாணயக் கண்காட்சி நேற்று ஞாயிற்றுக்கிழமை நடந்தது. தனியாகப் போகக் கூடாது என்று மாப்பிள்ளை தடை போட்டிருந்தாராமே. "நானும் வர்றேன் சம்பந்தி, எனக்கும் பொழுது போகணும்ல" என்றேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "உங்களுக்குக் காசைப் பத்தி என்ன தெரியும்?" என்று கேட்டார். செலவழிக்கத் தெரியும் என்றேன். சிரித்துவிட்டார். உன் அத்தை போன பிறகு அவர் சிரித்து நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

ரயிலில் போனோம். சன்னலோரம் அவர், பக்கத்தில் நான். டிக்கெட் பரிசோதிக்கிற பெண் வந்து அவரிடம் மெதுவாக, "டிக்கெட்?" என்றாள். இவர் கையை ஆட்டி, "பிஸ்கெட்டெல்லாம் வேணாம்மா, எனக்குச் சர்க்கரை இருக்கு" என்றார். எதிர் இருக்கையில் இருந்த கல்லூரிப் பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டார்கள். நான் அவசரமாக இரண்டு டிக்கெட்டையும் எடுத்துக் காட்டினேன். சிரிப்பு எனக்கும் வந்தது. ஆனால், மகள் சொன்னது நிஜம்தான் போலிருக்கிறதே என்று நினைத்துக்கொண்டேன்.

கண்காட்சி நடந்த இடத்தை நீ பார்க்க வேண்டும். விமானத்தை உள்ளே கொண்டுவந்து நிறுத்தலாம், அவ்வளவு பெரிய கூடம். வாசலில் பையைத் திறந்து பார்த்து, கழுத்தில் ஓர் அட்டையை மாட்டி உள்ளே விட்டார்கள். வரிசை வரிசையாக மேசைகள். ஒவ்வொரு மேசையிலும் கழுத்து வளைந்த ஒரு விளக்கு, கண்ணாடிப் பெட்டி, கறுப்பு வெல்வெட் விரித்த தட்டுகள், பிளாஸ்டிக் உறையில் நாணயங்கள். அத்தனை கூட்டமும் முதுகை வளைத்து, ஒரு கண்ணை மூடி, மறு கண்ணில் லென்ஸை வைத்துக்கொண்டு நிற்கிறது. நிமிர்ந்து நின்ற ஒரே ஆள் நான்தான். இத்தனை கூன் முதுகுகளை ஒரே இடத்தில் பார்த்ததும் எனக்கு விசில் ஊதத் தோன்றியது.

முதல் மேசையிலேயே மானத்தை வாங்கிவிட்டேன். ஒரு செப்புக் காசு கறுத்துக் கிடந்தது. பாவம், யாரும் துடைக்கவில்லையே என்று கைக்குட்டையை எடுத்தேன். மேசைக்கு அந்தப் பக்கம் இருந்த அம்மாள் போட்ட சத்தத்தில் நான்கு மேசை திரும்பிப் பார்த்தது. "ஐயா! தேய்க்காதீங்க! அந்தக் கறுப்புக்குத்தான் ஐயா மதிப்பு!" சம்பந்தி என் மணிக்கட்டைப் பிடித்துக் காசை வாங்கி, இரண்டு விரலால் விளிம்பை மட்டும் தொட்டுத் திரும்ப வைத்தார். "காசை முகத்துல தொடக் கூடாது சம்பந்தி. ஓரத்தைத்தான் பிடிக்கணும்" என்றார். கையை ஆட்டாமல், அவசரப்படாமல் அதைச் செய்தார். அந்தக் கை மறதிக்காரரின் கை மாதிரி எனக்குத் தெரியவில்லை. ஆனாலும் பழகிய வேலை கைக்கு மறக்காது என்பார்களே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

போகிற இடமெல்லாம் அவருக்கு வணக்கம்தான். "காதுக்காரர் வந்துட்டாரு!" என்று ஒருவர் கூவினார். இன்னொருவர் நாற்காலியை இழுத்துப் போட்டார். எனக்கு ஒன்றும் புரியவில்லை. பிறகுதான் விசாரித்துத் தெரிந்துகொண்டேன். வெள்ளி நாணயத்தை விரல் நுனியில் நிறுத்தி, இன்னொரு காசால் ஓரத்தில் லேசாகத் தட்டினால் அது மணி மாதிரி பாடுமாம். போலியாக இருந்தால் 'டொக்' என்று செத்துவிடுமாம். எவ்வளவு நைசான போலியையும் இவர் அந்த ஓசையை வைத்தே பிடித்துவிடுவாராம். அதனால் அந்தக் கூடத்தில் அவருக்கு அந்தப் பெயர். பாரேன், இத்தனை வருடச் சம்பந்தம், இது நமக்குத் தெரியவே தெரியாது. அவர் அச்சகத்தில் மெஷின் ஃபோர்மேனாக இருந்தவர், காசு சேர்ப்பவர், அவ்வளவுதான் நமக்குத் தெரிந்தது.

அடுத்து நடந்ததை மறைக்காமல் எழுதுகிறேன். அவர் ஒரு பெட்டியின் மேல் குனிந்திருந்தபோது, "இங்கயே இருங்க, கை கழுவிட்டு வர்றேன்" என்று பின்னாலிருந்து சொல்லிவிட்டுப் போனேன். கூட்டம் என்பதால் அடக்கித்தான் சொன்னேன். திரும்பி வந்தால் ஆளைக் காணோம். உன்னிடம் என்ன பதில் சொல்வேன்? மாப்பிள்ளை முகத்தில் எப்படி விழிப்பேன்? மேசை மேசையாக ஓடினேன். கடைசியில் அலுவலகத்தில் சொல்லி ஒலிபெருக்கியில் அறிவிக்கச் செய்தேன். அவர் பெயரைச் சொல்லி, எங்கே வர வேண்டும் என்பதையும் சொல்லி, ஒரு பெண் திரும்பத் திரும்ப அழைத்தாள். வரவில்லை. நான் வியர்த்து விறுவிறுத்துச் சுற்றி வந்தால், அந்த ஒலிபெருக்கிக்கு நேர் கீழே நின்றுகொண்டு, அச்சு விலகிப்போய்ப் பாதி முகம் மட்டும் பதிந்த ஒரு காசைப் பார்த்து ரசித்துக்கொண்டிருக்கிறார்!

"எங்க போயிட்டீங்க?" என்று கத்தினேன்.

"நான் எங்க போனேன்? நீங்கதான் சொல்லாம கொள்ளாம காணாமப் போயிட்டீங்க. உங்களைத் தேடித்தான் வந்தேன்" என்றார், கோபமாக.

சொன்னதை அதற்குள் மறந்துவிட்டார் என்றுதான் நான் நினைத்தேன். மகளே, அந்த நேரத்தில் யாராவது அந்த இல்லத்தின் விண்ணப்பத்தை நீட்டியிருந்தால் நானே சரி என்று சொல்லியிருப்பேன்.

பகல் சாப்பாடு முடிந்து அவருடைய பழைய நண்பர் ஒருவரின் மேசைக்குப் போனோம். வயதான வியாபாரி, காதை மூடும்படி கம்பளித் தொப்பி போட்டிருந்தார். "உங்களுக்காகத்தான் எடுத்து வெச்சிருக்கேன்" என்று ஒரு வெள்ளி நாணயத்தை நீட்டினார். புதிதாக வாங்கியதாம், எல்லாம் சரியாக இருக்கிறதாம், இருந்தாலும் காதுக்காரர் ஒரு வார்த்தை சொன்னால் நிம்மதியாம். பக்கத்து மேசைக்காரர்களும் பேச்சை நிறுத்திவிட்டு எட்டிப் பார்த்தார்கள். சம்பந்தி சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு நாணயத்தை ஆள்காட்டி விரல் நுனியில் நிறுத்தினார். இன்னொரு காசால் தட்டினார்.

எனக்கு ஒன்றும் தெரியாது, நீ அறிவாய். ஆனாலும் என் காதில் அது ஒரு சின்ன மணி போல எழும்பி, இழுத்து, மெதுவாக அடங்கியது. அழகாக இருந்தது.

சம்பந்தி தலையை ஆட்டினார். "ஊமை. போலி இது. வாங்கின இடத்துலயே திருப்பிக் கொடுத்துடுங்க" என்றார்.

தொப்பிக்காரர் முகம் ஒரு மாதிரி ஆகிவிட்டது. மின்தராசில் வைத்துப் பார்த்தார். எடை சரியாக இருந்தது. பக்கத்து மேசைக்காரர் வாங்கித் தட்டினார். மறுபடியும் அதே மணி. சம்பந்தி எங்கள் முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார். பிறகு சட்டைப் பையிலிருந்து ஒரு சின்ன உறையை எடுத்தார். அதில் அவருடைய சொந்த வெள்ளிக் காசு ஒன்று இருந்தது, எப்போதும் கூடவே வைத்திருப்பாராம். அதை விரலில் நிறுத்தித் தட்டினார். காதுக்குப் பக்கத்தில் கொண்டுபோய் மறுபடி தட்டினார். இன்னும் பலமாகத் தட்டினார். எங்களுக்கெல்லாம் கேட்டுக்கொண்டேதான் இருந்தது.

"இதுவும் ஊமையாயிடுச்சே" என்றார்.

அவர் குரலை என்னால் எழுத முடியவில்லை. பின்னால் யாரோ, "பாவம், வயசாயிடுச்சு, மூளை தளர்ந்துபோச்சு" என்று முணுமுணுத்தார்கள். அதைக் கேட்டதும்தான் எனக்குள் ஏதோ தடுமாறி நின்றது. மூளை தளர்ந்தவராக இருந்தால் என்ன செய்வது என்றல்லவா மறந்திருக்க வேண்டும்? இவர் பிடித்த பிடி சரி, தட்டிய தட்டு சரி, ஒப்பிட்டுப் பார்க்கத் தன் காசை எடுத்த யோசனை சரி. ஓசை மட்டும்தான் வந்து சேரவில்லை.

தோளைப் பிடித்து வெளியே கூட்டிவந்து கூடத்துப் படிக்கட்டில் உட்காரவைத்தேன். தேநீர் வாங்கிக் கொடுத்தேன். பிறகு அவர் பின்னால் போய் நின்று, உன் அம்மா பேசுகிற மாதிரி மெல்லிய குரலில், "சம்பந்தி, உங்க பர்ஸ் கீழே விழுந்துருச்சு" என்றேன். அசையவில்லை. பர்ஸ் விழுந்தால் அசையாத மனிதர் உண்டா? பிறகு என் மைதானக் குரலில் அதையே சொன்னேன். துள்ளித் திரும்பி, "எதுக்குக் கத்தறீங்க, எல்லாரும் பார்க்கறாங்க" என்றார்.

எனக்கு அப்போதுதான் உறைத்தது. என்னோடு பேசும்போது மட்டும் இவர் எல்லாவற்றுக்கும் ஒழுங்காகப் பதில் சொல்வாரே, அது சம்பந்தி என்ற மரியாதையால் என்றல்லவா இத்தனை நாள் பெருமைப்பட்டுக்கொண்டிருந்தேன்! மரியாதையும் இல்லை, ஒன்றும் இல்லை. என் தொண்டைதான் காரணம். குக்கர் விசில், வாசல் பெல், தொட்டி வழிகிற சத்தம், ஒலிபெருக்கிப் பெண், டிக்கெட் பெண் எல்லாம் ஒன்றன் பின் ஒன்றாக வரிசையில் வந்து நின்றன.

நான் நினைத்ததை அவரிடம் சொன்னேன். டம்ளரைப் படியில் வைத்தார். பிறகு மெதுவாகப் பேசினார். "பையன் ஊருக்கு வந்தப்ப மறதி டெஸ்ட்டுக்குக் கூட்டிட்டுப் போனானே அந்த ஆஸ்பத்திரியில, ஒரு பொண்ணு முகத்துல மாஸ்க் போட்டுக்கிட்டு என்னென்னமோ கேட்டுச்சு. பாதி புரியல. எதையோ சொல்லி வெச்சேன். மார்க் கம்மின்னு சொன்னாங்க. அன்னைக்கு நானும் நம்பிட்டேன் சம்பந்தி. சரி, அறிவு போயிட்டிருக்கு, எல்லாருக்கும் எதுக்கு பாரமா இருக்கணும்னுதான் இல்லத்துக்குச் சரின்னு சொல்லிட்டேன்."

யார் எதைக் கேட்டாலும், புரியாதது வெளியே தெரியாமல் இருக்க, எல்லாவற்றுக்கும் தலையாட்டப் பழகிக்கொண்டாராம். அந்தத் தலையாட்டலைத்தான் நாம் சம்மதம் என்று எடுத்துக்கொண்டோம்.

அப்படியே ரயிலுக்குப் போய்விடலாம் என்றார். நான் விடவில்லை. "தோத்த டீம் கூட மைதானத்துல கை குலுக்கிட்டுத்தான் போகணும்" என்று இழுத்துக்கொண்டு போனேன். தொப்பிக்காரர் முன்னால் போய் நின்று, "மன்னிச்சுக்குங்க. உங்க காசு ஊமையில்ல. என் காதுதான்" என்றார் சம்பந்தி. அந்த மனிதர் தொப்பியைக் கழற்றினார். இரண்டு காதிலும் கொட்டைப்பாக்கு அளவில் மெஷின். "நான் மட்டும் எப்படி வியாபாரம் பண்றேன்னு நினைச்சீங்க? இந்த மெஷினை மறைக்கத்தான் வெயில் காலத்துலயும் இந்தக் கம்பளி" என்றார். பக்கத்து மேசைக்காரர் சிரித்தார். பிறகு எல்லாரும் சிரித்தோம். சம்பந்திதான் கடைசியாகச் சிரித்தார், ஆனால் அவர் சிரித்ததுதான் அதிக நேரம் நீடித்தது. எந்த டாக்டர், எந்த மெஷின், குளிக்கும்போது கழற்றுவதா வேண்டாமா என்று இருவரும் பேச ஆரம்பித்து, காசை எல்லாரும் மறந்தே போனோம்.

மகளே, நான் டாக்டர் இல்லை. காதும் போய், மறதியும் இருக்கலாம். அதை நான் மறுக்கவில்லை. ஆனால் கேட்காத மனிதரிடம் கேள்வி கேட்டு மதிப்பெண் போட்டது சரியில்லை என்று மட்டும் எனக்குத் தெரியும். வியாழக்கிழமைக்குக் காது டாக்டரிடம் நேரம் வாங்கியிருக்கிறேன். நானே கூட்டிப் போகிறேன். அதுவரை அந்த இல்லத்துக்கு எதுவும் சொல்ல வேண்டாம் என்று மாப்பிள்ளையிடம் சொல். ரூம் போனால் போகட்டும்.

மாப்பிள்ளை மனம் வருந்த வேண்டாம். அவ்வளவு தொலைவிலிருந்து வேறு எப்படித் தெரியும்? பக்கத்துத் தெருவில் இருக்கிற எனக்கே தெரியவில்லையே.

அம்மா உன்னை வேளாவேளைக்குச் சாப்பிடச் சொன்னாள். பதில் எழுது.

அன்புடன்,
அப்பா


சனிக்கிழமை மாலை

அன்பு மகளுக்கு,

உன் பதில் கிடைத்து ஒரு வாரமாகிறது; மெஷின் பொருத்தி முடிந்ததும் எழுதலாம் என்று காத்திருந்தேன். இல்லத்துக்கு வேண்டாம் என்று சொல்லிவிட்டதாக மாப்பிள்ளை தம் கையால் கீழே எழுதியிருந்த வரியை உன் அம்மா இரண்டு முறை படிக்கச் சொன்னாள். அவருக்கு எங்கள் இருவரின் ஆசி.

காது விவரம் முழுவதும் சொல்கிறேன். சத்தம் புகாத ஒரு சின்ன அறையில் அவரை உட்காரவைத்து, ஓசை கேட்கும்போதெல்லாம் பொத்தானை அழுத்தச் சொன்னார்கள். நான் கண்ணாடிக்கு இந்தப் பக்கம். கனமான ஓசைக்கெல்லாம் டக் டக்கென்று அழுத்தினார். மெல்லிசாக, கூர்மையாகப் போகப் போக அவர் கை அப்படியே நின்றுவிட்டது. அச்சு மெஷின் பக்கத்தில் அத்தனை வருடம் நின்றதற்குக் காது கொடுத்த விலை அது என்றார் டாக்டர்.

மெஷின் பொருத்திய பிறகு, அதே மறதிப் பரிசோதனையை இன்னொரு டாக்டர் எதிரே உட்கார்ந்து, மாஸ்க்கைக் கழற்றி வைத்துவிட்டுச் செய்தார். பெரும்பாலும் சரியாகச் சொல்லிவிட்டார். இன்றைக்கு என்ன தேதி என்பதில்தான் தடுமாறினார். அது எனக்கும் தெரியவில்லை, டாக்டரே மேசைக் காலண்டரைத்தான் பார்த்தார். லேசான மறதி வயதுக்கு உண்டு, அவ்வப்போது வந்து காட்டுங்கள் என்றார். நான் மறக்காமல் கூட்டிப் போவேன்.

எல்லாம் சுகமாகிவிட்டது என்று நினைத்துவிடாதே. முதல் நாள் மெஷினைக் கழற்றி எறியப் பார்த்தார். "ஃபேன் இவ்ளோ சத்தமா போடும்? பேப்பரைத் திருப்பினா கூரை சரியற மாதிரி இருக்கு" என்று புலம்பல். கடைத்தெருவில் இன்னும் பேச்சு புரிவதில்லை. அடுப்பில் ஏதாவது வைத்தால் சமையலறையை விட்டு நகரக் கூடாது என்று நாங்கள் ஒப்பந்தம் போட்டிருக்கிறோம். தினமும் காலையில் நான் போய் ஒரு எட்டுப் பார்த்துவிட்டு வருகிறேன். சும்மா இல்லை, நடக்கவும் வைக்கிறேன். அந்தக் கூன் முதுகை நிமிர்த்தாமல் விடப்போவதில்லை.

முந்தாநாள் இங்கே வந்திருந்தார். நான் வழக்கம்போல ஏதோ சொல்ல, காதைப் பொத்திக்கொண்டு, "சம்பந்தி, தப்பா நினைக்காதீங்க. நீங்க இனிமே கொஞ்சம் மெதுவாப் பேசலாம்" என்றார். உன் அம்மா சமையலறையிலிருந்து சிரித்த சிரிப்பு இருக்கிறதே, கல்யாணமான நாளிலிருந்து அவள் காத்திருந்த வார்த்தையை வேறு யாரோ சொல்லிவிட்டார்கள் போல.

கிளம்பும்போது வாசலில் நின்று செருப்பைப் போடாமலே தயங்கினார். பிறகு, "குட்டி குரல் எப்படி இருக்கும் சம்பந்தி?" என்று கேட்டார்.

எனக்கு உடனே புரியவில்லை. குட்டி பேச ஆரம்பித்த சமயத்தில் இவருக்குக் காது போக ஆரம்பித்திருக்கிறது. போனில் அவள் முகம் தெரியும், வாய் அசைவது தெரியும், இவர் சிரித்துத் தலையாட்டிவிட்டு வைத்துவிடுவார். அந்தத் தாத்தாவுக்கு என்னைப் பிடிக்காது, கேட்டால் பதிலே சொல்ல மாட்டார் என்று அவள் ஒருமுறை என்னிடம் சொல்லியிருக்கிறாள். அவளுடைய ஒரு வார்த்தைகூட இதுவரை அவர் காதில் விழுந்ததில்லை, மகளே.

கீச்சென்று இருக்கும், ஒரு நிமிடம் நிற்காது, கேள்வியாகக் கேட்டுக் கொன்றுவிடுவாள் என்றேன். "கேட்கட்டும், கேட்கட்டும்" என்று சொல்லிவிட்டுச் செருப்பைப் போட்டுக்கொண்டு போனார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவர் இங்கேதான் இருப்பார். நீ கூப்பிடும்போது, அப்பா எப்படி இருக்கிறார் என்று மாப்பிள்ளை என்னிடம் கேட்க வேண்டாம், அவரிடமே கேட்கட்டும். ஆனால் அதற்கு முன்னால் போனைக் குட்டி கையில் கொடுத்துவிடு. என்ன பேச வேண்டும் என்று சொல்லிக்கொடுக்காதே. வாய்க்கு வந்ததைப் பேசட்டும். பதில் கொஞ்சம் தாமதமாக வந்தால் வைத்துவிட வேண்டாம் என்று மட்டும் சொல். எத்தனை நேரமானாலும் பரவாயில்லை. உன் குரலைக் கேட்க நானும் அம்மாவும் பக்கத்திலேயே உட்கார்ந்திருப்போம். எங்கள் முறை கடைசியாக வந்தால் போதும்.

நீங்கள் மூவரும் நிறைவாக இருக்க வேண்டும்.

உன் அப்பா